ஒரே இழுப்பில் மூன்று வேலை: பழைய ரிவால்வரின் மலிவுப் பிரதிகள்

கோல்ட் நிறுவனத்தின் ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ ரிவால்வரை அமெரிக்க ராணுவம் 1873இல் ஏற்றுக்கொண்டது. அதன் பிரதிகளை இத்தாலிய நிறுவனங்கள் இன்றும் செய்கின்றன. கோல்ட் விற்கும் புதிய துப்பாக்கியின் விலையில் பாதிகூட ஆகாது. எதை மலிவாகச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது உள்ளே நடப்பதைப் பார்த்தால்தான் விளங்கும்.

இந்த வகை ரிவால்வரில் டிரிகருக்கு ஒரே வேலை, சுத்தியலை விடுவிப்பது. மற்ற எல்லாவற்றையும் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும் கட்டை விரல் செய்கிறது. இழுக்கத் தொடங்கியதும், தோட்டா அறைகள் கொண்ட சிலிண்டரைப் பிடித்திருக்கும் சிறிய எஃகுத் தாழ் கீழே இறங்கிச் சிலிண்டரை விடுவிக்கிறது. சுத்தியலோடு இணைந்த உந்துதண்டு மேலேறி, சிலிண்டரின் பின்புறப் பற்களில் ஒன்றைத் தள்ளுகிறது. ஆறு அறைகள் என்பதால் ஒவ்வொரு முறையும் சரியாக 60 பாகை சுழல வேண்டும். சுழற்சி முடியும்போது தாழ் மேலெழுந்து அடுத்த பள்ளத்தில் விழுகிறது. அதே நொடியில் டிரிகரின் நுனி சுத்தியலின் கடைசி வெட்டில் மாட்டுகிறது.

இந்த நேர ஒழுங்குதான் இயந்திரத்தின் உயிர். தாழ் முன்கூட்டியே எழுந்தால் சிலிண்டரைச் சுற்றிலும் உரசிக் கோடு போடும். உந்துதண்டு சற்றே குட்டையாக இருந்தால் அறை குழலுக்கு நேராக வந்து நிற்காது. குண்டின் விளிம்பு குழல் வாயில் இடித்து ஈயம் சீவப்படும். பிரதியை எடைபோட மெருகைப் பார்ப்பவர்கள் உண்டு. இந்த ஒழுங்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

முன்பு இந்தத் துண்டுகளை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கையால் அராவிப் பொருத்தினார்கள். இன்று கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரங்கள் அந்த உழைப்பின் பெரும்பகுதியை மிச்சப்படுத்துகின்றன. இத்தாலியின் பிரெஷ்யா நகர் அருகிலுள்ள வால் ட்ரோம்பியா பள்ளத்தாக்கில் துப்பாக்கித் தொழிலுக்கு ஐந்நூறு ஆண்டு மரபும் இருக்கிறது. அங்கே கார்தோனே ஊரில் அல்டோ உபெர்ட்டி 1959இல் தொடங்கிய பட்டறை, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நெருங்கியபோது பழைய ரிவால்வர்களுக்குப் பிறந்த தேவையால் வளர்ந்தது.

அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் வேறு வழியில் சென்றது. துப்பாக்கியின் உடலான சட்டகத்தை மெழுகு வார்ப்பு முறையில் எஃகில் வார்த்தது. சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பதும் இதே அடிப்படையில்தான். பழைய அமைப்பில் எளிதில் ஒடியும் பட்டை ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக, 1953 முதலே சுருள் ஸ்பிரிங்குகளை வைத்தது.

2019இல் அது வெளியிட்ட, .22 அங்குல விட்டமுள்ள சிறு தோட்டாவுக்கான ‘ராங்லர்’ இன்னும் மலிவு. சட்டகம் அலுமினியக் கலவை. .22 தோட்டாவின் வாயு அழுத்தம் .45 கோல்ட் தோட்டாவினுடையதைவிட அதிகம் என்பதால் இது வியப்பூட்டலாம். ஆனால் சட்டகத்தைத் தாக்கும் விசை அழுத்தத்தையும் பரப்பையும் பெருக்கினால் கிடைப்பது. .22 தோட்டாவின் அடிப்பரப்பு மிகச் சிறியது, அதனால் விசை குறைகிறது. அதே சட்டகத்தில் .45 வெடித்தால் கதை வேறு.

பழைய அமைப்பின் குறை ஒன்று அசலுக்கு உண்மையான பிரதிகளிலும் தொடர்கிறது. சுத்தியலின் பாதுகாப்பு வெட்டில் மாட்டும் டிரிகர் நுனி மெல்லியது. துப்பாக்கி கீழே விழுந்து சுத்தியலில் அடிபட்டால் நுனி ஒடிந்து தோட்டா வெடிக்கலாம். 1973இல் ரூகர் சேர்த்த இடைத்தண்டு, டிரிகரை அழுத்தினால் மட்டுமே சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும். அத்தகைய ஏற்பாடு இல்லாத பிரதிகளில் ஐந்து அறைகளை மட்டுமே நிரப்பி, சுத்தியலுக்குக் கீழுள்ள ஆறாவதைக் காலியாக விட வேண்டும்.