மரம் நட்டால் கார்பன் கிரெடிட்: இரண்டு திட்டங்கள், ஒரு குழப்பம்

மரம் நட்டுக் கார்பன் கிரெடிட் (குறைத்த அல்லது உறிஞ்சிய கரியமில வாயுவுக்கு ஈடாகத் தரப்படும், விற்கக்கூடிய சான்றிதழ்) விற்கலாம் என்று கூறி ஒப்பந்தத்தை நீட்டுவோரிடம் கையெழுத்திடும் முன், ஒன்றிய அரசின் இரண்டு தனித்தனித் திட்டங்களைப் பிரித்தறிய வேண்டும்.

எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2023 ஜூனில் அறிவிக்கப்பட்டது கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம். இதில் ஒரு சான்றிதழ், ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஈடு. உமிழ்வு இலக்கு (வெளியிடும் வாயுவுக்கு அரசு வைக்கும் வரம்பு) விதிக்கப்படாதவர்களும் தாமாகப் பதிவுசெய்ய அவ்வாண்டு டிசம்பர் திருத்தம் இடமளித்தது. கிரெடிட்டைக் கணக்கிட 2025இல் வெளியான முறைகளில் அலையாத்திக் காடு வளர்ப்பும் ஒன்று. அலையின் வேகத்தைத் தணித்து, இறாலுக்கும் நண்டுக்கும் நாற்றங்காலாக இருக்கும் இக்காடு, நீர் தேங்கிய சேற்றிலும் கார்பனை நெடுங்காலம் பிடித்து வைப்பதால், இத்தேர்வு பொருத்தமானதே.

2023 அக்டோபரில் வந்த பசுமை கிரெடிட் விதிகள் வேறு. அவை கார்பனை அளப்பதில்லை; சீரழிந்த வன நிலத்தை நிதி கொடுத்து மீட்பவருக்கு, மரங்களின் எண்ணிக்கைப்படி கிரெடிட் தருகின்றன. 2025 திருத்தத்துக்குப் பின், ஐந்தாண்டு கடந்து, விதான அடர்த்தி (மரத் தழை நிலத்தை மூடும் அளவு) 40 விழுக்காட்டை எட்டினால்தான் அதுவும் கிடைக்கும். சொந்த வயலில் தேக்கு வைத்தவருக்கு இதில் வேலையில்லை.

கார்பன் கணக்கு எளியதுதான். தரையிலிருந்து சுமார் 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை நாடாவால் அளந்து, அந்த இனத்துக்குரிய சூத்திரத்தால் உலர் எடையைக் கணிப்பார்கள். அதில் ஏறத்தாழப் பாதி கார்பன்; அதை 44/12ஆல் பெருக்கினால் கரியமில வாயு. 300 கிலோ உலர் எடையுள்ள மரத்தில் கார்பன் 150 கிலோ, வாயுக் கணக்கில் 550 கிலோ. ஆக, பல ஆண்டுகள் வளர்ந்த இரண்டு மரங்கள் சேர்ந்தால்தான் ஒரு டன்னைத் தாண்டும். சரிபார்ப்புச் செலவோ ஓரிரு ஏக்கருக்குக் கட்டுப்படியாகாது; பலர் நிலத்தைச் சேர்த்தே பதிய வேண்டியிருக்கும். ஏற்கெனவே நிற்கும் தோப்புக்குப் பொதுவாகக் கிரெடிட் கிடையாது. என் கணிப்பில், விவசாயிக்கு முதல் வருமானம் வெட்டி விற்கும் மரம்தான், கிரெடிட் உபரி.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: கிரெடிட் யார் பெயரில் பதிவாகும், எத்தனை ஆண்டுகள் வெட்டக்கூடாது, மரம் சாய்ந்தால் இழப்பு யாருடையது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்ததைப் பார்த்தவர்கள், கடைசிக் கேள்வியையே முதலில் கேட்பார்கள்.