கிணற்றை 100 ஆல் பெருக்கினால் 200 கிணறு

கோப்பாயில் இரண்டு கிணறுகளின் ஆழத்தை மீற்றரில் அளந்து, பைதன் என்ற நிரல்மொழியில் [3, 4] என்று எழுதி வைக்கிறோம். கிணறு என்றால் ஊரில் அடிக்கணக்குத்தான். 3.28 ஆல் பெருக்கிப் பார்த்தால் 'ரைப் எரர்', அதாவது வகை பொருந்தவில்லை என்ற பிழை, வருகிறது. சரி, சென்ரிமீற்றராவது ஆக்கலாமென்று 100 ஆல் பெருக்கினால் பிழை ஒன்றுமில்லை. ஆனால் வருவது 300, 400 அல்ல. 3, 4, 3, 4 என்று 200 எண்கள்! முதலாவதை உடனே திருத்திவிடலாம். இரண்டாவது சத்தமில்லாமல் அறிக்கைவரை போய்விடும்.

சாதாரண தரத்தில் பாஸ்கல் நிரல்மொழி படித்த பிள்ளைக்கு அணி, அதாவது அறே, பழக்கமானது. எத்தனை இடம், என்ன வகை என்று முதலிலேயே அறிவித்துவிடுவோம். எண்கள் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும். உயர்தரத்தில் பைதனுக்கு வந்தால் சதுர அடைப்புக்குறி அதேபோல இருக்கிறது, உள்ளே இருப்பது லிஸ்ற். அதில் எண்கள் இல்லை, எண்கள் இருக்கும் இடங்களின் முகவரிகள்தான் இருக்கின்றன. கலியாணத்துக்குச் சொல்ல எழுதிய பெயர்ப்பட்டியல் மாதிரி. 64 பிற் கணினியில் முகவரிக்கு 8 பைற்று, சிறிய முழு எண் ஒவ்வொன்றுக்கும் தனியாக வழக்கமாக 28 பைற்று. லிஸ்றில் வெறும் முகவரிகளே இருப்பதால் எந்த வகையையும் கலந்து வைக்கலாம். பெருக்கச் சொன்னால் அது தன்னையே திரும்பத் திரும்ப எழுதும். அரை லிஸ்ற், கால் லிஸ்ற் என்று எழுத வழியில்லாததால்தான் 3.28 இல் மறுத்தது.

பைதனில் எண் கணக்குக்கென்று இருக்கும் நம்பை (NumPy) என்ற நிரல் நூலகத்தின் அறேயாக லிஸ்றை மாற்றினால் பெருக்கல் ஒவ்வோர் எண்ணிலும் நடக்கும். ஆனால் அங்கே எல்லாம் ஒரே வகையாக இருக்க வேண்டும். யாரோ ஒரு கிணற்றுக்கு எண்ணுக்குப் பதிலாக 'வற்றிவிட்டது' என்று எழுதியிருந்தால், அந்த ஒரு சொல்லுக்காக மற்ற எண்களும் எழுத்துச் சரங்களாகிவிடும், பெருக்கலும் படுத்துவிடும். உருவாக்கும்போதே தசம எண் வகை என்று அறிவித்துவிடுங்கள். அப்போது பிழை அந்தச் சொல்லிலேயே வெடிக்கும், தேடி அலைய வேண்டாம்.

அறேயிலிருந்து லிஸ்றுக்குத் திரும்பிப் போகும் வழியிலும் ஒரு குழி உண்டு. முழு எண் அறேயை ஜேசன் (JSON) கோப்பாக, அதாவது நிரல்கள் தரவைப் பரிமாறும் எழுத்துக் கோப்பாக, எழுத முனைந்தால் பைதன் மறுக்கும். பலரும் அறேயை list( ) என்ற அடைப்புக்குள் சுற்றிவிட்டு, ஏன் இன்னும் மறுக்கிறது என்று தலையைச் சொறிவார்கள். வெளி உறை மட்டுந்தான் மாறியிருக்கிறது. உள்ளே ஒவ்வோர் எண்ணும் இன்னும் நம்பையின் வகைதான். உள்ளிருக்கும் எண்களையும் சாதாரண பைதன் எண்களாக்குவது 'டூலிஸ்ற்' (tolist) என்ற செயல்.