பத்திரத்தில் நிலம் இருக்கிறது, தண்ணீர் இல்லை

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டவர்களிடம் பேசினால் ஒரே பாட்டுதான்: “என் நிலம், என் காசு, என் தண்ணீர்.” முதல் இரண்டும் சரி. 1956-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் இருந்தவரை மூன்றாவதும் ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது. 1998-இல் வந்த தேசிய நீர்ச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஆற்றில் ஓடினாலும் பாறைக்கு அடியில் தேங்கினாலும் தண்ணீர் எல்லோருக்கும் பொது, அரசு அதன் காப்பாளர். உங்களுக்கு உள்ளது பயன்படுத்தும் உரிமை மட்டும். இது நியாயமா என்று விடிய விடிய வாதாடலாம். பக்கத்துத் தோட்டக்காரர் பெரிய பம்பு வைத்தால் என் போர் வற்றும் என்பதால் நான் சட்டத்தின் பக்கம்தான். என் சண்டையெல்லாம் அரசு அலுவலகக் கவுன்ட்டரோடு.

வீட்டுத் தேவை, விற்காத சின்னத் தோட்டம், நாலு மாடு, கூரை மழைநீரைப் பிடிக்கும் ஜோஜோ டாங்க் (பிளாஸ்டிக் தொட்டி) இவற்றுக்குத் தண்ணீர் எடுக்கும் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் கட்டுக் கட்டாகச் சந்தைக்குப் போகத் தொடங்கினால் இந்தச் சலுகை பொருந்தாது. நிறைய பேர் வழுக்குவது இங்கேதான்.

அடுத்தது முனிசிபாலிட்டி. லைசென்ஸ் வேண்டாம் என்றால் யாரையும் கேட்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. 1997-ஆம் ஆண்டின் நீர்ச் சேவைச் சட்டப்படி, வீட்டுக்கு முனிசிபாலிட்டிக் குழாயைத் தவிர வேறு இடத்திலிருந்து தண்ணீர் எடுக்க உள்ளூர் நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்ததே, அந்த மாதிரி அவசரத்தில் போடும் போருக்கும் இதே விதிதான். பக்கத்து வீடுகளுக்குக் குழாய் இழுத்துக் காசு வாங்கினால் சிக்கல் இன்னும் பெரிது.

விற்பனைக்குப் பயிர் செய்கிறவர்களுக்குப் ‘பொது அனுமதி’ என்று ஒன்று உண்டு. அளவுக்குள் எடுத்தால் தனி லைசென்ஸ் தேவையில்லை. அந்த அளவு நீர்ப்பிடிப்புப் பகுதிக்குப் பகுதி மாறும்: ஹெக்டேருக்கு வருடத்துக்கு ஓரிடத்தில் 400 கன மீட்டர், இன்னோரிடத்தில் 0. ஆமாம், பூஜ்யம். 75 என்று வைத்துக்கொண்டால்கூட, 2 ஹெக்டேருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 410 லிட்டர்தான் வரும். கீரைப் பாத்திக்கே காணாது. அதனால் உங்கள் பகுதி எந்த எண்ணில் வருகிறது என்று துளை போடுவதற்கு முன் கேளுங்கள்.

“அப்பா காலத்துப் போர், எனக்கு என்ன கவலை?” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பயன்பாடு செல்லும்தான், ஆனால் 1998 அக்டோபர் 1-க்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் சட்டப்படி எடுத்திருக்க வேண்டும். அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். எனக்குத் தெரிந்த மாமா ஒருவர் நீர்ப் பயன்பாட்டுப் பதிவுச் சான்றிதழை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். பதிவு என்பது ‘இவ்வளவு எடுக்கிறேன்’ என்று நாமே சொன்னதற்கு ரசீது, உரிமைச் சான்று அல்ல. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. பழைய பயன்பாட்டை நிரூபிக்கப் போனால், ஓர் அலுவலகம் அவரை முனிசிபாலிட்டிக்கு அனுப்பியது, அங்கே “இது எங்கள் வேலை இல்லை” என்று திருப்பி அனுப்பினார்கள். நாலாவது தடவை போனபோது ஃபைலே காணவில்லை. கடைசியில் கைகொடுத்தது அவர் மனைவி பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்த 1997-ஆம் வருடத்து பம்பு கரன்ட் பில்லும் சந்தை ரசீதுகளும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அசலை எங்கும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும். வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் கேளுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

லைசென்ஸ் கிடைத்தாலும் அதிகபட்சம் 40 வருடம்தான், நடுவில் மறுபரிசீலனையும் வரும். நிலம் வாங்கும்போது புரோக்கர் “தண்ணீரும் சேர்த்துத்தான்” என்றால், எந்தக் காகிதத்தின்படி என்று கேட்டுப் பாருங்கள். போர் கம்பெனிக்காரர் “பேப்பரெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்” என்றால், அந்தப் பேப்பர் கைக்கு வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.