எம்விஎஸ் தெரிந்தவர் இசட்/ஓஎஸ் தெரியாதவர் அல்லர்

சென்ற ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு என்னைத் தேடி வந்த இளைஞர், சமவெளியிலுள்ள பயிற்சி நிலையம் ஒன்றின் மூன்று கட்டண ரசீதுகளை மேசைமீது பரப்பினார். எம்விஎஸ் வகுப்புக்கு ஒன்று, ஓஎஸ்/390 வகுப்புக்கு ஒன்று, இசட்/ஓஎஸ் வகுப்புக்கு ஒன்று. மூன்றும், மெயின்ஃபிரேம் எனப்படும் ஐபிஎம்மின் பெருங்கணினிகளை இயக்கும் ஒரே இயங்குதள வம்சத்தின் வெவ்வேறு காலப் பெயர்கள். இவ்வாண்டில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காமவர். அவருக்கு முன் வந்த பெண், நேர்முகத் தேர்வில் இசட்/ஓஎஸ் தெரியுமா என்று கேட்டபோது, "இல்லை சார், எம்விஎஸ் மட்டும்தான் தெரியும்" என்று சொல்லி வேலையை இழந்தவர். மெயின்ஃபிரேமில் சிஸ்டம் புரோகிராமராக நெடுங்காலம் உழைத்த எனக்கு, இனியும் பேசாமலிருக்கப் பொறுமையில்லை.

பேருந்தின் பலகையில் உதகை என்றும் அரசு ஆவணத்தில் உதகமண்டலம் என்றும் எழுதியிருந்தாலும், நாம் நடத்துநரிடம் ஊட்டி என்று சொல்லி ஒரே ஒரு சீட்டுதான் வாங்குகிறோம். பயிற்சிக் கட்டணம் என்றதும் இந்த விவரம் எங்கே போய்விடுகிறது?

1964-இல் சிஸ்டம்/360 கணினிகளோடு ஐபிஎம் அறிவித்த ஓஎஸ்/360-தான் இந்த வம்சத்தின் மூலம். அதில் எம்எஃப்டி, எம்விடி என இரு வகைகள் புழங்கின. 1972-இல், வட்டின் இடத்தையும் நினைவகம்போல் காட்டும் மெய்நிகர் நினைவகம் வந்ததும் அவை முறையே ஓஎஸ்/விஎஸ்1, ஓஎஸ்/விஎஸ்2 ஆயின. இங்கேதான் பெயரை நம்பினால் ஏமாந்துபோவோம். விஎஸ்2-இன் முதல் வெளியீட்டில் எல்லா வேலைகளும் ஒரே 16 மெகாபைட் முகவரிப் பரப்பை (நிரல்கள் எட்டக்கூடிய நினைவக இடத்தை) பங்கிட்டுக்கொண்டன. 1974-இல் வந்த இரண்டாம் வெளியீட்டில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பரப்பு கிடைத்தது. அத்தனை பெரிய மாற்றத்திற்கு அட்டையில் மாறியது வெளியீட்டு எண் மட்டுமே. எம்விஎஸ் (பல மெய்நிகர் நினைவகங்கள்) என்ற புழக்கப் பெயர் அப்போது பிறந்ததுதான். பிறகு 31 பிட் முகவரியோடு எம்விஎஸ்/எக்ஸ்ஏ, 1988-இல் எம்விஎஸ்/ஈஎஸ்ஏ. ஆனால் 1990-களின் நடுவில் ஓஎஸ்/390 என்று ஆரவாரமாகப் பெயர் மாறியபோது நடந்தது பெரும்பாலும் மூட்டை கட்டும் வேலைதான்: தனித்தனியாக வாங்கி நிறுவ வேண்டியிருந்த பல மென்பொருள்களை எம்விஎஸ்ஸோடு சேர்த்து ஒரே தொகுப்பாகத் தந்தார்கள். 2000-இல் 64 பிட் கணினிகளோடு இசட்/ஓஎஸ் அறிவிக்கப்பட்டது.

பெயர் மாறினால் பழையது ஒழிந்துவிட்டது என்ற எண்ணம்தான் என்னை மிகவும் எரிச்சலூட்டுகிறது. ஒழியவில்லை. இன்றைய இசட்/ஓஎஸ் கையேடுகளில், கணினிக்கு வேலைகளை விவரித்துக் கொடுக்கும் மொழியான ஜேசிஎல் பற்றியதை எடுத்துப் பாருங்கள். அதன் தலைப்பிலேயே எம்விஎஸ் என்று அச்சிட்டிருக்கிறது. எண் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை வந்தால் 360 காலத்தில் விழுந்த அதே 0சி7 பிழை இன்றும் விழுகிறது. (நள்ளிரவில் அதற்காக எழுப்பப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) 16 மெகாபைட்டுக்கு மேல் எட்டாத 24 பிட் முகவரிக் காலத்தில் தொகுக்கப்பட்ட நிரல்களில் பல, மறுதொகுப்பின்றி இன்றும் ஓடுகின்றன. புதிய வசதிகளைக் கற்கத்தான் வேண்டும். அதற்காக ஜேசிஎல்லை மூன்று முறை காசு கொடுத்துக் கற்க வேண்டுமா?

இதைக் கேட்டுவிட்டு எல்லாப் பெயரும் ஒன்றே என்று மறுகோடிக்கும் ஓடிவிடாதீர்கள். மற்றொரு மெயின்ஃபிரேம் இயங்குதளமான இசட்/விஎஸ்இ வேறு வம்சம். சிறிய கணினிகளுக்கான டாஸ்/360-இலிருந்து வந்தது. அந்த டாஸுக்கும் 1981-இல் வந்த எம்எஸ்-டாஸுக்கும் பெயரைத் தவிர உறவில்லை. இசட்/விஎம் மூன்றாவது குடும்பம். இசட்16 என்பது இயங்குதளமே அன்று, கணினி.

பணம் கட்டும் முன் பாடத்திட்டங்களைக் கேட்டு வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ரெஸ்யூமில் மூன்று பெயர்களை மூன்று அனுபவங்களாக அடுக்காதீர்கள். கேள்வி கேட்பவருக்கு விவரம் தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே மானம் போகும். ஒரே வரியில் இசட்/ஓஎஸ் என்று எழுதி, எந்த வெளியீட்டில் வேலை செய்தீர்கள் என்பதையும் சேருங்கள். நேர்முகத்தில் அறியாத பெயர் வந்தால், தெரியாது என்று சொல்லும் முன், அது எதன் வழியில் வந்தது என்று தயவுசெய்து ஒரு வார்த்தை கேளுங்கள்.

கோத்தகிரி இளைஞரின் மூன்றாம் வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரி அன்றே என் மேசையிலிருந்தே கடிதம் எழுதிக்கொண்டு போனார்.