கியர்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன் ரப்பர் டியூபைப் பாருங்கள்

"ரெண்டாவது கியர்லேர்ந்து மூணாவதுக்கு மாறும்போது பின்னாடிலேர்ந்து யாரோ எட்டி உதைக்கிற மாதிரி இருக்கு" என்றார் வண்டியைக் கொண்டுவந்தவர். பழைய டீசல் கார், ஆட்டோமேட்டிக். இதற்கு முன் காட்டிய இடத்தில் கியர்பாக்ஸை இறக்கி ஓவர்ஹால் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். நான் கியரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "சாவியை ஆஃப் பண்ணினா எஞ்சின் உடனே நிக்குதா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

"அஞ்சாறு செகண்ட் ஓடிட்டுத்தான் நிக்கும். வயசான வண்டிதானே."

வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த இரண்டு குறைக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்று அப்போதே பட்டது.

பெட்ரோல் எஞ்சினில் காற்று போகும் வழியை ஒரு தட்டு மூடித் திறக்கும். அதனால் காற்று நுழையும் இன்டேக் பக்கம் வேக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுவை, தானாகவே உண்டாகிறது. பெரும்பாலான பழைய டீசல் எஞ்சின்களில் அந்தத் தட்டு கிடையாது; காற்று தடையில்லாமல் உள்ளே போகும், டீசலின் அளவைக் கூட்டிக் குறைத்துத்தான் வேகம் கட்டுப்படும். எனவே வேக்குவத்துக்கென்றே எஞ்சினில் தனியாக ஒரு பம்பு வைத்தார்கள். 1976-இல் அறிமுகமான மெர்சிடிஸ் டபிள்யூ123 வரிசை டீசல் கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் பூஸ்டர், எஞ்சினை நிறுத்தும் வால்வு, கதவுப் பூட்டுகள், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எல்லாமே ஒரே பம்பை நம்பி இருப்பவை. ஒரு கிளையில் ஓட்டை விழுந்தால் மற்ற கிளைகளும் இளைக்கும். கதவு பூட்டாததையும் கியர் உதைப்பதையும் நாம் தனித்தனி நோயாக நினைத்துக்கொள்கிறோம்.

கியர்பாக்ஸுக்கு இந்த வேக்குவம் எதற்கு? கால் எவ்வளவு அழுத்தியிருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். எஞ்சினுக்கு டீசலைச் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் பம்பின் மேல், ஆக்சிலரேட்டர் இணைப்போடு சேர்ந்து திரும்பும் ஒரு சின்ன கன்ட்ரோல் வால்வு இருக்கும். காலை எடுத்தால் நிறைய வேக்குவத்தை அனுப்பும், மிதிக்க மிதிக்கக் குறைக்கும், முழுக்க மிதித்தால் ஏறக்குறைய ஒன்றும் போகாது. கியர்பாக்ஸ் பக்கம் அதை வாங்கிக்கொள்வது மாடுலேட்டர். உள்ளே ஒரு டயாப்ரம், அதாவது வேக்குவம் இழுக்க அசையும் மெல்லிய சவ்வு. வேக்குவம் அதிகமாக வந்தால் ஆயில் பிரஷர் குறைந்து கியர் மென்மையாக விழும். வேக்குவம் குறைந்தால் பிரஷர் ஏறி கிளட்ச் பிளேட்டுகள் இறுக்கிப் பிடிக்கும். வழியில் டியூப் வெடித்திருந்தால் நீங்கள் மெல்லத்தான் போகிறீர்கள், ஆனால் கியர்பாக்ஸுக்குப் போகும் சேதி ‘முழுசா மிதிக்கிறாங்க’ என்பது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. மாடுலேட்டருக்குத் தேவைக்கு மேல் வேக்குவம் போனால் கியர் மாறும்போது எஞ்சின் வீணாக இரைந்துவிட்டுப் பிறகு பிடிக்கும். ஓட்டுபவருக்கு இது சொகுசாகக்கூடத் தெரியும். எனக்கு உதைக்கிற வண்டியை விட வழுக்குகிற வண்டிமேல்தான் பயம் அதிகம். வழுக்கல் ஒவ்வொரு முறையும் பிளேட்டுகளைக் கருக்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கியர் எவ்வளவு பலமாக விழுகிறது என்பது இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் வேக்குவத்தின் கணக்கு. எந்த வேகத்தில் மாறுகிறது என்பதில் ஆக்சிலரேட்டரிலிருந்து வரும் கேபிளுக்குப் பங்கு உண்டு. மென்மையாக, ஆனால் ரொம்பத் தாமதமாக மாறினால் முதலில் கேபிளைப் பார்க்கலாம்.

சரி, அந்த வண்டிக்கு வருவோம். ஆயில் அளவும் நிறமும் நன்றாகவே இருந்தன. மாடுலேட்டரிலிருந்து டியூபைப் பிடுங்கி உள்ளே பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. சிவப்பு ஆயில் ஒட்டியிருந்தால் டயாப்ரம் கிழிந்தது என்று அர்த்தம். பெட்ரோல் வண்டியில் அந்த ஆயில் எரிந்து வெள்ளைப் புகையாகக் காட்டிக்கொடுத்துவிடும். பம்பு வைத்த டீசலில் சத்தமில்லாமல் எஞ்சின் ஆயிலோடு போய்க் கலந்துவிடும். வண்டிக்கடியில் ஒரு சொட்டு இல்லை, ஆனால் கியர் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே போகிறது என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து கேஜ் உள்ள கைப்பம்பு. மாடுலேட்டரில் 400 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இழுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தேன், முள் அசையவில்லை. மாடுலேட்டர் நல்லது. எஞ்சின் ஐடிலிங்கில் பிரதான லைனில் 500-க்கு மேல் நிற்க வேண்டியது, 300-ஐச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. டயர் பஞ்சருக்குச் செய்வதுபோல் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பவர்கள் உண்டு. இங்கே அது உதவாது. காற்று உள்ளே போகிறது, குமிழி எப்படி வரும்? காதால் கேட்கலாம் என்றால் டீசல் சத்தம் விடாது. கிளைகளை ஒவ்வொன்றாக அடைத்துக் கேஜைப் பார்ப்பதுதான் வழி. பிரேக் பூஸ்டர் கிளையை மட்டும் வண்டி நிற்கும்போது தவிர அடைக்கவே கூடாது. பிரேக் பெடலும் கெட்டியாகிவிட்டது என்றால் கியரை மறந்துவிட்டு முதலில் பம்பைப் பாருங்கள், அதுவரை வண்டியை எடுக்காதீர்கள்.

கதவுப் பூட்டு லைனை அடைத்ததும் முள் 550-க்கு ஏறியது. பின்கதவின் உள்பலகையைக் கழற்றினால், பூட்டை இழுக்கும் டயாப்ரம் மடிப்பு வாக்கில் கிழிந்து கிடந்தது. இறக்கச் சொன்ன கியர்பாக்ஸின் கோளாறு பின்கதவுக்குள் இருந்தது.

மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். உதை போய்விட்டது. ஆனால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எஞ்சின் ஒரு கணம் இரைந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. திரும்ப வந்து கீழே படுத்து, மாடுலேட்டரின் ரப்பர் மூடியைக் கழற்றினேன். சுற்றியிருந்த எல்லாவற்றிலும் பல வருட அழுக்கு படிந்திருக்க, அட்ஜஸ்ட்மென்ட் தண்டில் மட்டும் மரை பளபளத்தது. உதையை அடக்க யாரோ பிரஷரைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். லீக் இருந்தவரை அது பாதி வேலை செய்தது. லீக் போனதும் வழுக்கலாக மாறிவிட்டது. பிரஷர் கேஜை மாட்டி, அந்தப் பெட்டிக்கான மேனுவலில் உள்ள அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்தேன். அளக்காமல் அந்தத் தண்டைத் தொடாதீர்கள் என்று எங்கள் பையன்களிடம் நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

வண்டியை எடுக்க வந்தவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சாவியைத் திருப்பினார். எஞ்சின் சட்டென்று நின்றது. கியரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், திரும்ப ஸ்டார்ட் செய்து இன்னொரு தடவை அணைத்துப் பார்த்தார்.