டார்க் ரென்ச் உண்மையில் எதை அளக்கிறது?

பழைய காரை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்களுக்கு பெங்களூரு ஜே.சி. ரோடு தெரியாமல் இருக்காது. அங்கே ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அடியில் உள்ள பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தகடு) வாங்கி அல்சூரிலோ சிவாஜி நகரிலோ பழகின மெக்கானிக்கிடம் கொடுத்தால், "டார்க் ரென்ச் எதுக்கு சார், நம்ம கைக்குத் தெரியாதா?" என்பார். முறுக்கும் அளவை முன்கூட்டியே வைத்து, அதை எட்டியதும் 'கிளிக்' என்று சொல்லும் ஸ்பேனர்தான் டார்க் ரென்ச். அந்தக் கைப்பழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஹெட் போல்ட்டுக்கு அது போதாது. மரை அழுக்காக இருந்தால் டார்க் ரென்ச்சும் போதாது.

போல்ட் என்பது விறைப்பான ஒரு ஸ்பிரிங். இறுக்க இறுக்க எஃகு சற்றே நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் அந்த இழுப்புதான் ஹெட்டை பிளாக்கோடு சேர்த்து அழுத்துகிறது. 10 மி.மீ. போல்ட்டை, எண்ணெய் இல்லாத சுத்தமான மரையில், 60 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கினால் ஏறக்குறைய 3 டன் இழுப்பு கிடைக்கும். 100 மி.மீ. நீள போல்ட் அதற்காக நீள்வது கால் மில்லிமீட்டர்தான்.

அந்தக் கால் மில்லிமீட்டரை ரென்ச்சால் பார்க்க முடியாது. திருப்புவதற்கு எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்வாகவே போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் மரையில் போகிறது. போல்ட்டை நீட்டுவது மிச்சமுள்ள 10 சதவீதம்தான். பழைய இன்ஜினில் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. மரையில் துருவும் கரியும் இருந்தால் ரென்ச் சரியான இடத்தில் 'கிளிக்' என்னும், ஆனால் போல்ட் நீண்டிருக்காது. எண்ணெய் தடவினால் நேர்மாறு: அதே 60-க்கு இழுப்பு 4 டன்னை எட்டிவிடும். 8.8 என்று வலிமைத் தரம் குறியிட்ட 10 மி.மீ. போல்ட் 3.8 டன் வாக்கிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். மேனுவல் உலர்ந்த மரைக்கு அளவு சொல்கிறதா, எண்ணெய் போட்டதற்கா என்று பார்ப்பது அதனால்தான் முக்கியம். கம்பி பிரஷ்ஷால் மரையைத் துடைப்பது டார்க் வைக்கும் வேலையில் பாதி. அடிப்பக்கம் மூடிய துளையில் எண்ணெயோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால் காற்றடித்து வெளியேற்றுங்கள். இறங்கும் போல்ட் அந்தத் திரவத்தை நெருக்கி பிளாக்கையே விரிசல் விடச் செய்யும்.

அதிகம் இறுக்கினால்தான் உடையும் என்று பலர் நம்புகிறார்கள். குறைவாக இறுக்கிய போல்ட்டும் உடையும். பிரீமியர் பத்மினியின் சிலிண்டர் விட்டம் 68 மி.மீ. எரியும்போது அழுத்தம் 40 பார் (காற்றழுத்தத்தைப் போல சுமார் 40 மடங்கு) என்று வைத்துக்கொண்டால் ஹெட்டை மேலே தள்ளும் விசை சுமார் ஒன்றரை டன். நிமிடத்துக்கு 3,000 சுற்றில், ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இந்தத் தள்ளல் நடக்கிறது. போல்ட் நன்றாக இழுபட்டிருந்தால் அதில் சிறு பங்குதான் போல்ட்டுக்கு வரும். தளர்வாக இருந்தால் ஹெட் விலக ஆரம்பித்து, மொத்த ஏற்ற இறக்கத்தையும் போல்ட்டே தாங்கி நாளடைவில் களைத்து முறியும்.

பத்மினியின் ஹெட் அலுமினியம், பிளாக் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரிகிறது. சில்க் போர்டு நெரிசலில் இன்ஜின் சூடேறும்போது போல்ட்டின் இழுப்பும் கூடும், ஆறியதும் குறையும். ஆகவே மேனுவல் வேறு சொல்லாவிட்டால் இன்ஜின் ஆறிய பிறகே இறுக்க வேண்டும். நடுவில் தொடங்கி வெளியே போக வேண்டும், அதுவும் இரண்டு மூன்று கட்டமாக. ஓரத்தை முதலில் பிடித்துவிட்டால் நடுவில் ஹெட் சமமாக உட்காராது.

அப்புறம் அலகு. அம்பாசிடர் காலத்து பிரிட்டிஷ் மேனுவல்களில் அளவு அடி-பவுண்டில் இருக்கும். 1 அடி-பவுண்டு 1.36 நியூட்டன் மீட்டர். 40 என்று படித்து ரென்ச்சிலும் 40 நியூட்டன் மீட்டர் வைத்தால் கால்வாசி இறுக்கம் குறைந்துவிடும். இறுக்கி முடித்த போல்ட்டைச் சரிபார்க்க மறுபடி ரென்ச் போட்டுப் பார்ப்பதும் சரியாக வராது. நின்ற மரையை நகர்த்தக் கூடுதல் விசை தேவைப்படுவதால் முன்னதாகவே 'கிளிக்' கேட்டுவிடும். சந்தேகம் இருந்தால் அந்த ஒரு போல்ட்டை மட்டும் கால் சுற்று தளர்த்தி, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் அளவு வரை கொண்டுவாருங்கள்.