குடல் பாக்டீரியாவுக்கு என்ன கொடுக்கிறீர்கள்?

கோலாலம்பூர் செந்தூலில் உணவு ஆலோசனைக்காக என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்போது மாத்திரைகளுடன் இன்னொரு பையையும் மேசைமேல் வைக்கிறார்கள். ‘நல்ல பாக்டீரியா’ காப்சியூல்களும், சின்னப் புட்டிகளில் வரும் புளித்த பால் பானங்களும் அதில் இருக்கும். “இது போதும்தானே, மிஸ்?” என்பார்கள். நேற்று என்ன காய்கறி சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் தயங்குவார்கள். காலையில் ரொட்டி சானாய், மதியம் நாசி லெமாக், இரவு மீ கோரெங்.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 94.9 விழுக்காட்டினர் போதிய அளவு காய்கறி, பழம் சாப்பிடுவதில்லை. என்னைக் கவலைப்பட வைக்கும் எண் இதுதான்.

நம் உடலால் செரிக்க முடியாத நார்ச்சத்து அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள பாக்டீரியா அதை நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்கள் தங்கள் ஆற்றலில் பெரும்பங்கை பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. நார்ச்சத்தே இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சில பாக்டீரியாக்கள் குடலைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. காப்சியூலில் போகும் பாக்டீரியாவோ பெரும்பாலும் குடலில் தங்குவதில்லை. சில வகைகள் சில நோய்களில் உதவுகின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றைப் பட்டினி போட்டுவிட்டுப் புதியவற்றை விலைக்கு வாங்குவதில் என்ன பயன்?

இட்லி மாவும் புளித்ததுதானே என்று கேட்பவர்கள் உண்டு. மாவில் உள்ள லாக்டிக் அமில பாக்டீரியா ஆவியில் வேகும்போது இறந்துவிடும். ஆனாலும் புளித்தது வீணாகவில்லை. இரும்பும் துத்தநாகமும் உடலில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் அதனால் குறைகிறது. உயிருள்ள பாக்டீரியா வேண்டுமென்றால் சூடாக்காத தயிரையும் மோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைப் பானம்தான் வேண்டும் என்கிற இனிப்புநீர் (நீரிழிவு) நோயுள்ளவர்கள் புட்டியில் சீனி எவ்வளவு என்று முதலில் படித்துப் பாருங்கள்.

சோயாவைப் புளிக்க வைத்துச் செய்யும் தெம்பே விஷயம் இன்னும் சுவையானது. சோயாவில் உள்ள டெய்ட்சீன் என்ற பொருளைச் சில குடல் பாக்டீரியாக்கள் ஈக்குவால் என்ற வேறொரு பொருளாக மாற்றுகின்றன. அந்த பாக்டீரியா எல்லாருடைய குடலிலும் இல்லை. ஒரே தட்டிலிருந்து தெம்பே சாப்பிடும் அக்காவுக்கும் தங்கைக்கும் கிடைக்கும் பலன் வேறாக இருக்கலாம். ஆகவே, எல்லாருக்கும் ஒரே பலன் என்று உறுதி கூறும் விளம்பரத்தை நம்பாதீர்கள்.

மலேசியப் பரிந்துரை நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் நார்ச்சத்து. பருப்பு, கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை, வெண்டைக்காய், கொய்யா எல்லாம் நம் சந்தையில் கிடைப்பவைதாம். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள இன்யூலின் என்ற நார்ச்சத்து பாக்டீரியாவுக்கு மிகவும் பிடித்த உணவு. நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், வாயு சேரும். வாரத்திற்குக் கொஞ்சமாகக் கூட்டித் தண்ணீரும் நிறையக் குடியுங்கள். அடிக்கடி வயிற்று வலியும் பேதியும் மாறி மாறி வருகிறவர்களுக்கு வெங்காயமும் பூண்டுமே தொல்லை தரலாம். அவர்கள் ஆலோசகரிடம் கேட்டுச் சாப்பிடட்டும். கீமோதெரபி எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பாக்டீரியா காப்சியூலைத் தொட வேண்டாம். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.